அசிடேட் பாட்டில்

ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியதும் சாரதாமணிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். காலை பத்து மணி ஏழு நிமிடம். இனி நாற்பது நிமிடம் இந்த ஸ்டூலை விட்டு நகர முடியாது. எதிரே தண்ணீர்த் தொட்டியில் மூன்று கண்ணாடிக் குழாய்கள். மூன்றிலும் ஒரே நொதி, மூன்றிலும் ஒரே மருந்து. கார்போடைஇமைடு என்று முழுப்பெயர் சொல்ல இந்த லேபில் யாருக்கும் பொறுமை கிடையாது, மருந்து என்றால் மருந்துதான். எதற்கு மருந்து? கொல்வதற்கு. கரும்பூஞ்சை மாவைத் தின்பதற்காக ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி அறுநூறு அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதில் வாய் என்று சொல்லக்கூடிய இடத்தில் நின்று மாவை அறுப்பவை நாலைந்துதான். அந்த நாலைந்து எவை என்று கேட்டதற்குத்தான் அவளுக்கு ஆறு வருஷமும் முப்பத்து நாலு வயதும் ஆகிவிட்டன. மருந்து போய் ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் என்ற இரண்டு வகையை மட்டும் பிடிக்கும். பிடித்ததும் நொதி செத்தால் வாயில் இருப்பது அவை. சாகாவிட்டால் அவை இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியவைத்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது, ஒரு பேராசிரியருக்கும் அவரிடம் ஆறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கும் புரியவில்லை, அதுதானே வயிற்றெரிச்சல். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மருந்தைப் போட்டபோது நொதி சாகவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. வேதரத்தினம் சார், அவளுடைய கைடு, வரைபடத்தைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு லேப் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "அட, உன் கை பட்டும் சாகலையே!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? ஆறு வருஷமாக அவளுக்குக் கைராசி இல்லை என்பது இந்த லேபின் நித்திய நகைச்சுவை. பிரித்தெடுக்க அவள் நெடுவரிசைக் குழாயில் ஏற்றிய புரதம் வெளியே வராது, அவள் வைத்த பூஞ்சையில் பாக்டீரியா ஏறும், விருந்தாளி விஞ்ஞானி யாராவது வந்தால் சார் அறிமுகப்படுத்துவதே இப்படித்தான், இவங்க சாரதாமணி, கைராசி கொஞ்சம் கம்மி. கொல்லாத அந்த ஒரு நாள் மட்டும் அவள் கை பொன்கை ஆகிவிட்டது.

தொடக்க அளவு மருந்து விட்டதுமே எடுத்தாகிவிட்டது. இப்போது முதல் ஐந்து நிமிடம். மூன்று குழாயிலிருந்தும் மூன்று சிறு அளவு எடுத்து, முன்கூட்டியே அசிடேட் ஊற்றி வைத்த சின்னக் குழாய்களில் விட்டாள். அசிடேட் பட்டதும் மருந்தின் ஆட்டம் நின்றுவிடும். குப்பென்று வினிகர் வாசம். இந்த வாசம், சனியன், தலைமுடியில், துப்பட்டாவில், டிபன் பாக்ஸில், ஆறு வருஷமாக அவள் மேலேயே குடியிருக்கிறது. ஊருக்குப் போனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஊறுகாய் கொண்டுபோறியா என்று கேட்டாள். ஐன்ஸ்டீன் கணக்கு எதுவும் தேவையில்லை, மூக்கு இருந்தால் போதும், மூக்கு சொன்னதை மூளை கேட்கவில்லை. வினிகர் என்றால் என்ன? அசிடிக் அமிலம். அசிடிக் அமிலத்தின் நுனியில் இருப்பது என்ன? ஆஸ்பார்டிக்கிலும் குளுட்டாமிக்கிலும் எது இருக்கிறதோ அதே கொக்கி. மருந்து கொக்கியைத் தேடித்தான் வருகிறது. நொதியை அசிடேட்டில் மிதக்கவிட்டு மருந்தை ஊற்றினால், கோடிக்கணக்கான வினிகர்க் கொக்கிகள் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து மொத்தத்தையும் தின்றுவிடும், நொதிக்கு எச்சில் இலைகூட மிஞ்சாது. விழலுக்கு இறைத்த நீர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை வேறெதற்கோ புரட்டிக்கொண்டிருந்தாள். செய்முறையின் கடைசி வரி: அசிடேட் சேர்த்து வினை நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டது. அவள் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். ஊரில் எல்லோரும் எதை ஊற்றி நிறுத்துகிறார்களோ, அதற்குள் அவள் தொடங்கியிருக்கிறாள். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று மூன்று குழாய். இடது குழாயில் பழையபடி அசிடேட். வலது குழாயில் அந்தக் கொக்கி இல்லாத வேறு பஃபர், புளிப்பு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் உப்புக் கரைசல், அவளே கரைத்தது. நடுக்குழாயிலும் அதே புது பஃபர்தான், ஆனால் நொதியின் வாயில் மால்டோஸ் சர்க்கரையைத் திணித்து வைத்திருக்கிறாள். வாய் நிறைந்திருந்தால் மருந்து உள்ளே போக முடியாது, நொதி பிழைக்கும். நடு பிழைத்து வலது செத்தால், மருந்து பிடித்தது வாயைத்தான், வேறெங்கோ இல்லை என்று அர்த்தம். போன வியாழக்கிழமை வலது செத்தது. திங்கட்கிழமையும் செத்தது. வியாழக்கிழமை ஏதோ கைத்தவறு என்று நினைத்துக்கொண்டாள், திங்கட்கிழமை கைராசி என்று நினைத்துக்கொண்டாள், மனிதனுக்கு நினைத்துக்கொள்ள என்னவெல்லாம் கிடைக்கிறது. சேர்ந்த முதல் நாள் சார் சொன்னது: ஒரு தடவை வந்தா விபத்து, ரெண்டு தடவை வந்தா நம்ம ஆசை, மூணு தடவை வந்தாத்தான் உண்மை. அதை ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருக்கிறார். இன்று மூன்றாம் தடவை. இன்று பன்னிரண்டு மணிக்கு அவளுடைய சினாப்சிஸில், அதாவது ஆய்வேட்டுச் சுருக்கத்தில், சார் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சுருக்கத்தின் நான்காம் அத்தியாயம், கரும்பூஞ்சை நொதியின் வாயில் அமிலக் கொக்கி இல்லை, உலகத்தில் இல்லாத புதுமை. மூன்று வருஷத்துக்கு முன் அது கட்டுரையாக வந்தது. மாநாட்டில் பொன்னாடை போட்டார்கள். பொன்னாடையோடு சார் நிற்கும் படம் துறை வராந்தாவில் மாட்டியிருக்கிறது, கட்டுரையில் முதல் பெயர் சாரதாமணி, ஆனால் படத்தில் அவள் இல்லை. வலது குழாய் சாகாவிட்டால் மூன்று மாதத்தில் டாக்டர் சாரதாமணி. செத்தால் அத்தியாயம் செத்தது, கட்டுரை செத்தது, பட்டத்துக்கு இன்னும் எத்தனை வருஷமோ. சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே சாகடித்துக்கொண்டிருக்கிறாள், இப்படி ஒரு பிழைப்பு.

பத்து நிமிடம். எடுத்தாள், விட்டாள், வினிகர். ஆனால் கேட்டேன். நான்கு வருஷத்துக்கு முன் முதல் தடவை போட்ட அன்றைக்கே கேட்டேன். அதுதான் மூன்று வாரமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. சார், இதை அசிடேட்லயே போடலாமா என்று கேட்டேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், புறங்கையை ஆட்டினார், ஈ ஓட்டுவது மாதிரி, போடு போடு. அந்தப் புறங்கை. மோதிரம் போட்ட அந்தப் புறங்கையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. சன்னலோரம் அந்த ஐந்து லிட்டர் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது, சாரின் கையெழுத்தில் சிவப்பு மையில் அசிடேட் என்று எழுதி, பொட்டு வைத்த மாதிரி ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் அழியாமல். திங்கட்கிழமைதோறும் ஒருவர் முறை வைத்து அதை நிரப்ப வேண்டும், எல்லோரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இருபது வருஷத்துப் பழக்கம். நொதியைப் பிரிப்பதும் அதில்தான், சேமிப்பதும் அதில்தான், பைப்பெட் கழுவுவதும்கூட அதில்தான். யாராவது தனியாக பஃபர் கரைத்தால் சார் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்ன, தனிக்குடித்தனமா, என்பார். ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு எவளுக்கு ஸ்பேட்டுலாவைத் தொட மனம் வரும்? போன வாரம் அவள் புது பஃபரைக் கரைத்ததுகூட சார் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துத்தான், திருட்டுத்தனமாக, கதவைப் பார்த்துக்கொண்டே. முப்பத்து நாலு வயதில் உப்பு கரைக்க ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டேனே ஐயா, கேட்டேனே. கதவருகில் குடையோடு நின்று கொண்டிருந்தீர்களே, குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததே, போடு போடு என்றீர்களே.

"அக்கா, சார் வந்துட்டாரு. ஃபார்ம் எடுத்துட்டு பன்னண்டு மணிக்கு வரச் சொன்னாரு. டீ சொல்லட்டுமா?"

ரெஜினா, முதல் வருஷ ஆய்வு மாணவி. அவள் கை பட்டால் எல்லாம் விளையும், சாரே சொல்லியிருக்கிறார்.

"வேணாம்."

"திங்கக்கிழமையும் இதே ரன்னுதானேக்கா போட்டீங்க? சினாப்சிஸ் முடிஞ்சப்புறம் எதுக்குக்கா இதெல்லாம்?"

"அந்த பைப்பெட்ட எங்க தூக்கிட்டுப் போற? வை அங்க."

ரெஜினா வைத்துவிட்டுப் போனாள். போகும்போது முகம் சுருங்கியிருந்தது. மாமியார் மேலிருந்த கோபத்தைப் பானையில் காட்டிய கதை. அந்தப் பெண் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை, பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது, பதினைந்து நிமிடம் பத்து விநாடி, அவசரமாக எடுத்தாள், விட்டாள். இப்போது எங்கோ ஒரு இழை பிரிந்தது. குடை. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தாரா, குடையோடு நின்றாரா? முதலில் நினைத்தபோது போன், இப்போது குடை. போனும் குடையுமாக நின்றாரா? மோதிரக் கையில் போன் என்றால் குடை எந்தக் கையில், எந்தக் கையை ஆட்டினார்? அவள் கேட்டாள், அது நிச்சயம். வாய் திறந்து சார் என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. ஆறு வருஷத்தில் எத்தனை தடவை சார் என்று ஆரம்பித்திருப்பாள், எத்தனை தடவை அவர் கையை ஆட்டியிருப்பார், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இப்போது எது எந்த நாள் என்று பிரித்தெடுக்க வரவில்லை. சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாரோ? நோட்டு இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முந்தைய நோட்டு அதே அலமாரியில், கையெட்டும் தூரத்தில். மூன்று வாரமாக அதை அவள் ஏன் எடுத்துப் பார்க்கவில்லை? நேரமில்லை. பொய். நேரமெல்லாம் இருந்தது. இருபதாவது நிமிட அளவை எடுத்து விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, எட்டி எடுத்தாள். முனை மடங்கிய நீல அட்டை. பக்கம் அறுபத்தொன்று. அவளுடைய குண்டு எழுத்து. பஃபர்: அசிடேட், பொது பாட்டிலிலிருந்து. தேதி ஜனவரி பதினாறு. ஜனவரி பதினாறு என்றால் மாட்டுப் பொங்கல். லேபில் ஈ காக்கை கிடையாது, வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் தனியாக வந்து போட்டது, ஊருக்குப் போனால் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள் என்று போகாமல் இங்கேயே இருந்துகொண்டது, மெஸ் மூடியிருந்ததால் பிரெட் தின்றது, எல்லாம் இப்போது வரிசையாக வந்து நிற்கிறது. சார் வேதாரண்யத்தில் அவர் வீட்டில் இருந்தார். ஜனவரியில் ஏது மழை, ஏது குடை. அவள் யாரையும் கேட்கவில்லை.

ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் மேலேயே ஏறியது. போட்டவள் நீ, பொது பாட்டிலைத் தூக்கி ஊற்றியவள் நீ, ஊற்றும்போது மூக்கில் வினிகர் அடித்தும் கண்டுகொள்ளாதவளும் நீ, மூன்று வாரமாக ஒரு மனுஷன் ஆட்டாத கையை ஆட்டினான் என்று நாடகம் கட்டி வைத்துக்கொண்டு வெந்தவளும் நீ. அப்பா முகம் வந்தது, வேண்டாத நேரத்தில். அப்பா பெயர் பெரியண்ணன், ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மாவுத்தொட்டி வேலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்த பால் தொட்டியில் இறங்கி அடியில் மாவாகப் படியும், அதை வெட்டி எடுப்பது அப்பா. ஒரு வருஷம் ஒரு தொட்டி முழுக்கப் புளித்துவிட்டது. பெரியண்ணன் கை பட்டா மாவு புளிச்சிடும் என்று சூப்பர்வைசர் ஒருவன் சொன்னான், அதோடு அப்பாவைத் தொட்டியிலிருந்து களத்துக்கு மாற்றிவிட்டார்கள், சித்திரை வெயிலில் ஜவ்வரிசி காயவைக்கிற வேலை. கால் கொப்புளித்து வருவார். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தச் சூப்பர்வைசரை அவள் பதினைந்து வருஷத்துக்கு மேலாக மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தாள். சாரின் கைராசிப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆளையும் சேர்த்து அடிப்பாள். பிறகு ஆராய்ச்சிக்குப் பூஞ்சை வேண்டும் என்று அதே ஆலைக்குப் போனாள், பழைய தொட்டிச் சுவரில் கருப்பாகப் படர்ந்திருந்ததைச் சுரண்டினாள், அப்பா குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தொட்டிதான் அன்னிக்குப் புளிச்சது என்றார். அப்புறம் சாதாரணமாக, மழை வருமாட்டம் இருக்குது என்று சொல்லும் குரலில், "தொட்டியக் கழுவ வேண்டியது நாந்தான் பாப்பா. அன்னிக்கிக் கழுவல." அவளுக்கு வந்த கோபத்தில் சுரண்டிய பிளேடு விரலைக் கீறியது. அப்ப ஏம்ப்பா சொல்லல? "யாரு கேட்டாங்க? கை ராசியில்லன்னு அவங்களே ஒண்ணச் சொல்லிட்டாங்க. அது லேசா இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்." லேசாக இருந்ததாம். எட்டு வருஷம் களத்தில் வெந்தது லேசாம். வீடு வரைக்கும் அப்பாவோடு பேசவில்லை. அந்தத் தொட்டிச் சுவரின் பூஞ்சைதான் இந்தக் குழாய்களில், இருபத்தைந்து நிமிடம், எடு, விடு, வினிகர்.

முப்பது. அப்படியானால் சார் யோக்கியமா? ஆத்திரம் சுற்றிக்கொண்டு மறுபடி அவரிடமே வந்து நின்றது. முதல் சோதனை ஓட்டம் அவள் போட்டது, தனியாக, சரி. இரண்டாவது ஓட்டத்தின் போது அவர் இந்த ஸ்டூலில்தானே உட்கார்ந்திருந்தார்? இதற்குச் சாட்சி நினைவு இல்லை, நோட்டு. பக்கம் அறுபத்து நான்கில் பஃபர் அசிடேட் என்ற வரிக்குப் பக்கத்திலேயே அவருடைய சிவப்பு டிக். டிக் அடிக்கக் கண் வேண்டாமா? முப்பது வருஷம் வேதியியல் படித்த கண் அந்தச் சொல்லின் மேல் நடந்து போயிருக்கிறது. மூன்றாவது ஓட்டம் போடலாமா சார் என்று கேட்டாள், இதை நிஜமாகவே கேட்டாள், இதுவும் நோட்டில் இருக்கிறது, மூன்றாவது ஓட்டம் என்று தலைப்பிட்டு, அடியில் கோடு போட்டு, வெறும் பக்கம். மாநாட்டுக்குக் கடைசித் தேதி பத்து நாளில். போதும்மா, ரெண்டு தடவை வந்தாச்சே என்றார். ஃபிரிட்ஜ் கதவில் அட்டை பல்லிளித்துக்கொண்டிருந்தது. ரெண்டு தடவை வந்தா நம்ம ஆசை. ஆசையைத்தான் அச்சடித்தார்கள், அதற்குத்தான் பொன்னாடை. அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள், முதல் பெயர் தன் பெயர் என்பதால் மூடிக்கொண்டிருந்தாள், நடுக்குழாய் மாதிரி வாயில் சர்க்கரை. முப்பத்தைந்து. நாற்பது. கடைசி அளவையும் விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் மாவுக்கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தாள். நொதி உயிரோடிருந்தால் மாவைச் சர்க்கரையாக அறுக்கும். பிறகு மஞ்சள் நிறமூட்டியை ஊற்றி எல்லாக் குழாயையும் கொதிநீரில் இறக்கினாள். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறம், இல்லாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஐந்து நிமிடக் கொதி. லேப் முழுக்கக் கஞ்சி வாசம் எழுந்தது. சாகாதே. செத்துத் தொலை. சாகாதே.

தூக்கி அடுக்கினாள். இடது வரிசை ஒன்பதும் செங்கல். நடு வரிசையில், மால்டோஸ் தானே தரும் நிறத்தைக் கழிக்க வைத்திருந்த குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும், செங்கல்தான், கடைசியில் மட்டும் லேசான வெளிறல். வலது வரிசை முதல் குழாய் செங்கல், அடுத்தது ஆரஞ்சு, அதற்கடுத்தது பப்பாளி, அப்படியே இறங்கி இறங்கி ஒன்பதாவது எலுமிச்சை மஞ்சள். கருவிகூட வேண்டாம், கண் போதும். மூன்றாம் தடவை. கரும்பூஞ்சை நொதியின் வாயில் அமிலக் கொக்கி இருக்கிறது, ஊரில் உள்ள எல்லாப் பூஞ்சைக்கும் இருப்பது மாதிரியே இருக்கிறது, புதுமையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள், பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்.

"என்னம்மா, ஃபார்ம் கொண்டு வரலையா?" வேதரத்தினம் சார் பின்னால் வந்து நின்றிருந்தார். குழாய்களைப் பார்த்தார். ஒரு பார்வைதான். மூன்று வரிசையும் அவருக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது, முப்பது வருஷக் கண் அல்லவா. சன்னலோரப் பாட்டிலைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துவிட்டார்.

"வலது என்ன பஃபர்?"

"அசிடேட் இல்லாதது சார். நான் கரைச்சேன்."

தனிக்குடித்தனம் என்ற வார்த்தை வரவில்லை.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல சார்."

"அவசரப்படாத. பன்னண்டு மணிக்குக் கையெழுத்த வாங்கிக்க, அது பாட்டுக்கு நடக்கட்டும். இது ஏதோ பஃபர் கோளாறா இருக்கும்." அவர் குரல் இவ்வளவு மெதுவாக அவள் கேட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும்போது குரல் மெதுவாகத்தான் இருக்கும் போல. "இன்னொரு தடவை போட்டுப் பாரேன்."

"இது மூணாவது தடவை சார். நாலாவது தடவை வந்தா அதுக்கு என்ன பேரு?"

அவர் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பவில்லை. ரெஜினா தூரத்தில் ஏதோ கழுவுவதை நிறுத்தியிருந்தாள். சாரதாமணி நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மூன்று ஓட்டங்களின் முடிவுக்கு அடியில் அவள் எழுதியிருந்தது: நான்கு வருஷத்துக்கு முந்தைய முதல் ஓட்டத்தை அசிடேட்டில் போட்டவள் நான். யாரையும் கேட்கவில்லை. சாரதாமணி, தேதி. அவர் அதை வாசித்தார். திரும்ப வாசித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்காரப் பார்த்தது, அதைக் கண்டதும் அவளுக்கு ஆத்திரம் மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பு உன்னோடதுன்னு நீயே ஒத்துக்கிறியே. அப்புறம் என்னம்மா?"

"என்னோடத எழுதிட்டேன் சார். கீழ ஒரு வரி விட்டிருக்கேன், பாருங்க. அது உங்களுக்கு."

பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினாள்.